எல்லாப் பெட்டிக்கும் ஒரே சொல்

கண் ஆபரேஷன் ஆனவரைக் குப்புறப் படுக்கச் சொல்வார்கள் என்று அந்த வீட்டில் யாருக்கும் முன்பு தெரியாது. மாப்பிள்ளைக்கு ஒரு கண்ணில் விழித்திரை பிய்ந்துவிட்டது. டாக்டர் அதை ஒட்டவைத்து, உள்ளே ஒரு காற்றுக் குமிழியை விட்டு, அது சரியான இடத்தை அழுத்திக்கொண்டிருக்க வேண்டுமானால் முகம் எப்போதும் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல கண் அசைந்தால் மற்றதும் கூடவே அசையுமாம். அதனால் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

மாமனார் ஒரு காலத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். மூட்டு இரண்டும் போன பிறகு கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு வந்துவிட்டார். மாப்பிள்ளையைக் குப்புறப் போடவேண்டும் என்றதும் அவர் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைக் கழற்றினார். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, இரண்டு பக்கக் கட்டைக்கும் இழுத்துக் கட்டி, மேலே மெத்தென்று துண்டைச் சுற்றினார். நெற்றி அதில் தொங்கும். மூக்குக்கும் வாய்க்கும் கீழே வெறும் காற்று. சாப்பாட்டு நேரத்தில் கட்டிலுக்கு அடியில் தரையில் உட்கார்ந்து, கையை மேலே தூக்கிக் கரண்டியால் ஊட்டுவார்.

“கிணத்துக்குள்ள உக்காந்துகிட்டு மேல இருக்கிறவனுக்கு எடுத்துக் குடுக்கிற மாதிரி இருக்கு மாப்ள. வாயத் தொற. இன்னும். கொட்டினா என் மூஞ்சிலதான் விழும், பாத்துக்கோ.”

“சிரிக்க வைக்காதீங்க மாமா. சிரிச்சா கண்ணு அசையும்.”

“அப்ப அழுவ வைக்கட்டுமா? அதுவும் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. மனுஷன் சும்மா கெடக்கணும்னா எவ்வளவு கட்டுப்பாடு பாரு.”

மகள் விடிந்ததும் வேலைக்குப் போய்விட்டாள். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கும் அதே ஆஸ்பத்திரிதான். அங்கே அவரை ஸ்விட்ச்காரர் என்பார்கள். மாமனார் வந்த புதிதில், மாப்பிள்ளை லைட்டு ஸ்விட்ச் மாட்டுகிறவர் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்ததில், பக்கத்து வீட்டுக்காரர் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

அது அந்த ஸ்விட்ச் இல்லை. ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு கட்டடத்திலும் தட்டையாக ஒரு பெட்டி உண்டு. கம்ப்யூட்டர், ஸ்கேன் மெஷின், லேப் மெஷின் எல்லாவற்றின் வயரும் அதில் வந்து சொருகிக்கொள்ளும். எந்தச் சேதி எந்த வயரில் போகவேண்டும் என்று பிரித்துவிடுவது அதன் வேலை. இத்தனை பெட்டியையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று, மாப்பிள்ளை எல்லாவற்றையும் ஒரே கூட்டமாகச் சேர்த்துவிட்டார். அடித்தளத்து அறையில் இருக்கிற பெட்டி தலைவன். அதற்குக் கமாண்டர் என்று பெயர். கமாண்டருக்கு மட்டும்தான் விலாசம் உண்டு. மற்றவற்றை அதன் வழியாகத்தான் எட்ட முடியும். கமாண்டருக்கு என்ன பாஸ்வேர்டு வைக்கிறோமோ, கூட்டத்தில் சேருகிற ஒவ்வொரு பெட்டியும் தன்னுடையதை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளும். “கல்யாணம் ஆன பொண்ணு இனிஷியலை மாத்திக்கிற மாதிரி” என்று அவர் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஜூனியரும் ஒரு பெண்தான். “நான் மாத்திக்கல சார்” என்றாள் அவள்.

கமாண்டர் படுத்துவிட்டால் பொறுப்பெடுக்க இன்னொரு பெட்டியைத் தயாராக நிறுத்தலாம். அப்படியொரு வசதி உண்டு. அவர் நிறுத்தவில்லை. பாஸ்வேர்டையும் யாருக்கும் சொல்லவில்லை. ஜூனியருக்குப் பார்க்க மட்டும் அனுமதி. எதையும் மாற்ற முடியாது.

கஞ்சி பாதியில் இருக்கும்போது போன் அடித்தது. மாமனார் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்து, மாப்பிள்ளையின் வாய்க்கு நேர் கீழே பிடித்தார்.

“சார், குட் மார்னிங். கண்ணு எப்படி சார் இருக்கு?”

“அது கெடக்கட்டும். என்ன விஷயம்?”

“கமாண்டர் செத்துட்டாரு சார்.”

“ஐயையோ, யாரும்மா செத்தது?” என்றார் மாமனார்.

“பெட்டி மாமா, பெட்டி. நீ சொல்லும்மா.”

அவள் சொன்னாள். ராத்திரி மின்சாரம் போய்ப் போய் வந்திருக்கிறது. அடித்தளத்து ஏசி ஒருமுறை நின்றது, திரும்பக் கிளம்பவே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் அடுப்பங்கரை மாதிரி அனல். கமாண்டரிலிருந்து கருகின வாடை. மற்ற பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைவன் போனாலும் அதது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் ஸ்கேன் கட்டடத்து வயரும் லேப் கட்டடத்து வயரும் நேராகக் கமாண்டரிலேயே சொருகியிருந்தவை. அவை இரண்டும் இப்போது அநாதையாகத் தொங்குகின்றன.

“பக்கத்துப் பெட்டியில மாத்திச் சொருகு.”

“சொருகிட்டேன் சார். லைட்டே எரியல. காலியா இருக்கிற போர்ட் எல்லாத்தையும் நீங்க மூடி வச்சிருக்கீங்க.”

“மூடித்தான் வைக்கணும். எவனாவது வந்து எதையாவது சொருகிட்டுப் போயிடுவான்.”

“சரி சார், அது நல்லதுதான். இப்பத் தொறக்கணுமில்ல? லேப்டாப்பை நேரா அந்தப் பெட்டியிலயே மாட்டி உக்காந்திருக்கேன். பாஸ்வேர்டு கேக்குது. சொல்லுங்க.”

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். போனைப் பிடித்திருந்த கையிலிருந்து கஞ்சி வாசம் வந்தது. மாமனாரின் மூச்சு, முட்டி மடக்கி உட்கார்ந்திருக்கிற சிரமத்தில் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, முகத்துக்குக் கீழே கேட்டது.

“மறந்துட்டேன்” என்றார்.

“சார், விளையாடாதீங்க.”

“நெஜமாத்தான். வரல. யோசிச்சுச் சொல்றேன். வை.”

மாமனார் போனை அணைத்து ஸ்டூல்மேல் வைத்தார். கஞ்சிக் கிண்ணத்தை எடுக்கவில்லை.

“மயக்க மருந்து குடுத்தாங்கல்ல, அதான். உங்க அத்தைக்கு ஆபரேஷன் ஆனப்ப என் பேரையே மறந்துட்டா. வேணும்னே மறந்தாளோன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் சந்தேகம்.” அவர் குரலில் உற்சாகம் வந்தது. மாப்பிள்ளைக்கு உதவியாக ஏதோ ஒன்று கிடைத்துவிட்ட உற்சாகம். “நான் ஒண்ணொண்ணா சொல்லிட்டு வரேன், நீ ஆமா இல்லன்னு சொல்லு. எது வருதோ பாப்போம். அவ பேரா?”

“இல்ல மாமா.”

“கட்டினவ பேரைக் கூடவா வைக்கல? சரி, நான் சொல்ல மாட்டேன். உங்க அம்மா பேரு?”

“இல்ல.”

“சாமி பேரு? படிச்ச ஸ்கூலு? மொதல் மொதல்ல வாங்கின வண்டி?”

“விடுங்க மாமா.”

“எப்படி விடுறது? அங்க ஒரு பொண்ணு தவிச்சுகிட்டு நிக்குது. யோசி. சந்தோஷத்துல வச்சதா, கோவத்துல வச்சதா?”

மாப்பிள்ளை நெற்றியைத் துண்டில் இன்னும் அழுத்திக்கொண்டார்.

“கோவமா!” மாமனார் தொடையில் தட்டினார். “அப்படி வா வழிக்கு. அந்த நிர்வாக அதிகாரியைத் திட்டி வச்சிருக்க. அதான் சொல்ல வாய் வரல உனக்கு. இதுக்கா வெக்கப்படுற? இப்பவே போன் போடு. என் வாயால நான் சொல்றேன். அந்த ஆளு என்னை என்ன பண்ணிட முடியும்? எனக்கென்ன வேலையா போகப் போகுது?”

“மாமா, கொஞ்சம் சும்மா இருங்களேன்.”

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது. மாமனார், “சரி சரி, யோசி” என்று தணிவாகச் சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். எழும்போது முட்டி இரண்டும் சொடுக்கின.

அந்தச் சொல் மறக்கக்கூடிய சொல் இல்லை. மாமனார் தகரப் பெட்டியும் காற்றடிக்கும் பம்புமாக வந்திறங்கிய முதல் மாதம் அது. இருப்பதோ இரண்டு அறை வீடு. ஒரு நாள் மாப்பிள்ளை வேலை முடிந்து அலுத்துப்போய் வந்தால், இவர் உட்காருகிற நாற்காலியில் அவர் உட்கார்ந்து, இவர் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவுதான் நடந்தது. இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மனைவியிடம், “உங்கப்பா என்ன, ஆயுசுக்கும் இங்க தண்டச்சோறா?” என்று கேட்டார். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் பெட்டிகளைக் கூட்டமாகக் கட்டுகிற வேலை. கமாண்டர் பாஸ்வேர்டு கேட்டது. மனம் எங்கேயோ இருக்க, விரல் அந்தச் சொல்லை அடித்தது. எண் ஒன்றாவது வேண்டும் என்று பெட்டி அடம்பிடித்ததால் கடைசியில் ஒரு ஒன்று. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தார். ஆனால் அன்றைக்கே மற்ற பெட்டிகளைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். சேரச் சேர ஒவ்வொன்றும் அதை எடுத்துக்கொண்டது. அவசர சிகிச்சை, ஆபரேஷன் தியேட்டர், மருந்துக்கடை, வார்டுகள். அவர் மனைவி உட்காருகிற லேப் கட்டடம் உட்பட.

ஓடுகிற வண்டியில் கை வைக்காதே என்பது அவர்கள் தொழிலில் வேதவாக்கு. அதனால் அது அப்படியே இருந்தது. மாமனாரோ அப்படியே இருக்கவில்லை. வீட்டு வேலையில் பாதி அவர் கைக்கு வந்துவிட்டது. மாலையில் இருவரும் சேர்ந்து டீக்கடைக்குப் போவார்கள். வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர், எப்போது என்றே தெரியாமல், வா, உக்காரு என்று மகனிடம் பேசுகிறமாதிரி பேசத் தொடங்கியிருந்தார். மாப்பிள்ளைக்கு அது பிடித்திருந்தது. தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முதல் காரியமாக அந்தச் சொல்லை அடிப்பதும் நடந்துகொண்டிருந்தது.

மறுபடி போன் அடித்தபோது பேசியது மகள்.

“என்னங்க, நான்தான். கீழ சர்வர் ரூம்லதான் நிக்கிறேன். ஞாபகம் வந்துச்சா?”

“யோசிச்சுட்டு இருக்கேன்.”

“ஆக்சிடென்ட் கேஸ் ஒண்ணு வந்திருக்குங்க. தலையில அடி. ஸ்கேன் எடுத்தாச்சு, படம் தியேட்டருக்குப் போக மாட்டேங்குது. ஒருத்தரு சிடியில ஏத்திக்கிட்டு ஓடினாரு, அங்க இருக்கிற கம்ப்யூட்டர்ல சிடி போடுற எடமே இல்லையாம். ரத்த ரிசல்ட்டை நான் கையால எழுதி எடுத்துக்கிட்டு மாடிப்படி ஏறி எறங்கறேன். அவரு சம்சாரம் என் பின்னாடியே ஏறி எறங்குது. என்னாச்சு மேடம், என்னாச்சு மேடம்னு.”

பின்னால் ஆண் குரல் ஒன்று கேட்டது. நிர்வாக அதிகாரி. “பாஸ்வேர்டு தெரியலன்னா அதை அழிச்சுட்டு உள்ள போக வழியிருக்குன்னு சொன்னீங்கல்ல? பண்ணுங்க. என்ன பார்த்துகிட்டே நிக்கிறீங்க?”

ஜூனியர் போனை வாங்கினாள். “சார், பெட்டியை அணைச்சு, முன்னாடி இருக்கிற பட்டனை அமுக்கிகிட்டே திரும்பப் போட்டா உள்ள போயிடலாம். பண்ணட்டுமா?”

“தொடாத!” மாப்பிள்ளை தலையைத் தூக்கப் போனார். பிடரியில் மாமனாரின் கை வந்து மெல்ல அழுத்தியது. “தொடாதம்மா. அந்தப் பெட்டியிலதான் தியேட்டர் ஓடுது. ஐசியூ அதுலதான். அணைச்சா திரும்ப எழுந்து வர்ற வரைக்கும் அதுவும் போயிடும்.”

“தெரியும் சார். அதான் கைய வைக்காம நிக்கிறேன். வேற வழி சொல்லுங்க.”

சற்று நேரம் போனில் காற்று இரையும் சத்தம் மட்டும் வந்தது.

“இரு” என்றார் மாப்பிள்ளை. “மாமா, தொண்டை காயுது. கொஞ்சம் வெந்நீர் வச்சுக் குடுக்கிறீங்களா?”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

மாமனார் போனை ஸ்டூல்மேல் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். சமையலறை நாலு எட்டுத் தூரம். பாத்திரத்தில் தண்ணீர் விழுந்தது, அடுப்பு பற்றியது. மாப்பிள்ளை போனை நோக்கிக் கிசுகிசுத்தார்.

“என்ன சார்? கேக்கல.”

திரும்பவும் சொன்னார்.

“சுத்தமா கேக்கல சார். இங்க ஏசிக்குப் பதிலா ஊர்ல இருக்கிற ஃபேனையெல்லாம் கொண்டு வந்து வச்சு ஓட்டுறாங்க. கத்திச் சொல்லுங்க.”

“தண்டச்சோறு.”

“சோறா? சாப்பாட்டை அப்புறம் பாத்துக்கலாம் சார், பாஸ்வேர்டைச் சொல்லுங்க!”

“அதான் பாஸ்வேர்டு!” அவர் கத்தினார். “தண்டச்சோறு! இங்கிலீஷ் எழுத்துல, சேத்து அடி! கடைசியில ஒண்ணு!”

“தண்டச்சோறு ஒண்ணு” என்று அவளும் கத்திச் சொல்லிக்கொண்டே தட்டினாள். “ரெண்டாவது யாரு சார், நானா?” என்று சிரித்தாள். நிர்வாக அதிகாரியும் சிரித்தார். வேறு யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்காத ஒருத்தி எங்கே நிற்பாள், எப்படி நிற்பாள் என்று கட்டுக்குள்ளிருந்தே மாப்பிள்ளைக்குத் தெரிந்தது.

சமையலறையில் அடுப்பு அணைந்தது. தண்ணீர் இன்னும் பாடக்கூட ஆரம்பிக்கவில்லை.

“உள்ள போயிட்டேன் சார்! ரெண்டு போர்ட்டையும் தொறந்துட்டேன். ஸ்கேன் பச்சை. லேப்பும் பச்சை. சார், கேக்குதா?”

“அவ இருக்காளா?”

“மேடமா? இப்பத்தான் மேல போனாங்க.”

மாமனார் டம்ளரோடு வந்தார். உறிஞ்சுகுழாயை மாப்பிள்ளையின் உதட்டில் வைத்தார். வெதுவெதுப்புக்கூட ஏறாத தண்ணீர். மாப்பிள்ளை அதை முழுதும் குடித்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் வழக்கம்போலத்தான். மாமனார் வீட்டைப் பெருக்கினார். துணிகளைக் காயப்போட்டார். வெயில் ஜன்னலில் ஏறியதும் திரையை இழுத்துவிட்டார். பேச்சு ஒன்றுதான் இல்லை. வழக்கமாகத் துணி காயப்போடும்போது துணிகளோடுகூடப் பேசுகிறவர். மத்தியானம் கட்டிலுக்கடியில் வந்து உட்கார்ந்தார்.

“கஞ்சி ஊட்டட்டுங்களா?”

அந்த மரியாதை மாப்பிள்ளையின் நெஞ்சில் போய் இடித்தது.

“மாமா, அது…”

“மொதல்ல சாப்பிடுங்க.”

இரண்டு கரண்டி இறங்கியது.

“அது எப்பவோ வச்சது மாமா. நீங்க வந்த புதுசுல. ஏதோ ஒரு நாள் கோவம்.”

“தெரியும். அன்னைக்கே கேட்டுச்சு.”

மாப்பிள்ளையின் வாய் திறந்தபடி நின்றது. கரண்டி அதற்குள் போய்விட்டு வந்தது.

“இந்தச் சுவரு என்ன கோட்டைச் சுவரா, கேக்காம இருக்க? கேட்டுச்சு. மறுநாளே பெட்டியைக் கட்டலாம்னுதான் பாத்தேன். அப்புறம் யோசிச்சேன். மனுஷன் அசதியில ஒண்ணு சொல்றான். நான் என் மாமனாரைச் சொல்லாததா? இதைவிடக் கேவலமா சொல்லியிருக்கேன். கோவம்னா அன்னியோட போயிடும். போயிடுச்சுன்னுதான் நெனச்சேன். நீங்களும் அப்படித்தான் இருந்தீங்க. குறை சொல்ல முடியாது.” கிண்ணத்தை வழித்தார். “தினமும் அடிப்பீங்களா அதை?”

“விரல் பழக்கம் மாமா. அர்த்தமெல்லாம் என்னைக்கோ போயிடுச்சு. நெஜமா சொல்றேன், அடிக்கும்போது உங்க நெனப்பே வராது. வெறும் எழுத்து, அவ்வளவுதான்.”

மாமனார் யோசித்தார். அவர் கோபமாக இல்லை. ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, எங்கே கோணுகிறது என்று பார்க்கிறவர்போல நிதானமாகத்தான் கேட்டார்.

“வெறும் எழுத்துன்னா, காலையில அந்தப் பொண்ணு கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே மாப்ள. ஏன் மறந்துட்டேன்னீங்க?”

மாப்பிள்ளை வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினார்.

“அந்த அடிபட்ட ஆளு வேற” என்றார் மாமனார். கரண்டியை நிறைத்தார். பிறகு, “இன்னும் ரெண்டு கரண்டிதான். முடிச்சுடுங்க.”

மகள் மாலையில் வந்தாள். செருப்பைக் கழற்றும் சத்தம், குழாயில் கைகால் கழுவும் சத்தம். அப்பாவிடம், “சாப்டீங்களாப்பா?” என்று கேட்டாள். “ஆச்சும்மா” என்றார் அவர். ஆகவில்லை. மத்தியானம் ஒரே ஒரு கிண்ணம்தான் கழுவப்பட்டது. மாப்பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். இல்லை, மாமனார் சாப்பிடவில்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அந்த வீட்டில் அவரது சோற்றைப் பற்றிப் பேசுகிற யோக்கியதை தனக்கு இனி இல்லை என்று தோன்றியது.

அவள் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“அந்த ஆக்சிடென்ட் கேஸ்?” என்றார் மாப்பிள்ளை.

“தியேட்டரை விட்டு வெளிய கொண்டாந்துட்டாங்க. இன்னும் கண்ணு முழிக்கல. கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சிருக்கலாம்னு சர்ஜன் சொன்னாராம். யாரைச் சொன்னாருன்னு அவருக்கே தெரியாது.” அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க நடிக்கல. எனக்குத் தெரியும். அதான் எனக்குப் புரியல. அவரு இல்லாம டீக் குடிக்கப் போக மாட்டேங்கிறீங்க. அவருக்குக் காலு வலிச்சா எண்ணெய் வாங்கிட்டு ஓடி வர்றீங்க. அதெல்லாம் நெஜம்தான். அப்ப இது என்னங்க?”

“இதுவும்…” என்று ஆரம்பித்தார். இதுவும் என்ன என்று அவருக்கே முடிக்கத் தெரியவில்லை.

“நான் உக்கார்ற எடத்துலயும் அதையே வச்சிருக்கீங்க” என்றாள் அவள். “தலைக்கு மேல இருக்கு அந்தப் பெட்டி. பச்சை லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியும். நான் அதைப் பாத்து, நம்ம வீட்டு ஆளு வேலைன்னு பெருமைப்பட்டுக்குவேன்.”

வெளி அறையிலிருந்து மாமனார் கேட்டார். “உன் தங்கச்சி வீட்டுக்குப் போயி நாளாச்சு இல்லம்மா?”

“இப்ப என்னப்பா அதுக்கு?”

“சும்மாதான். இவருக்குக் கட்டுப் பிரிச்சு நடமாட ஆரம்பிச்சதும் ஒரு எட்டு போலாம்னு. இப்ப இல்ல. இப்ப எப்படி விட்டுட்டுப் போறது?”

போன் அடித்தது. இந்தத் தடவை மகள் எடுத்து வைத்தாள்.

“சார், புதுப் பெட்டி வந்துடுச்சு. மாட்டிட்டேன். ஏசியும் ஓடுது.” ஜூனியரின் குரல் காலையில் இருந்தமாதிரி இல்லை. யாரோ அவளுக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். “காலையில நான் பாட்டுக்குச் சிரிச்சுட்டேன் சார். மேடம்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்.”

“உன் மேல தப்பில்ல.”

“பழைய சொல்லை வச்சு எல்லாப் பெட்டிக்குள்ளயும் போயிட்டேன். புதுக் கமாண்டர் கிட்ட ஒவ்வொண்ணா சேக்கணும். சேக்கறதுக்கு முன்னாடி இதுக்கு ஒரு பாஸ்வேர்டு வைக்கணும் சார். என்ன வைக்கட்டும்?”

அறையில் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை யோசித்தார். மனைவியின் பெயரை வைக்கலாம். இத்தனை நாள் கழித்து இன்றைக்கு வைத்தால் அது லஞ்சம். மாமனார் காலையில் ஒவ்வொன்றாகச் சொன்ன பெயர்களில் எதையும் எடுத்துக்கொள்ள அவருக்குக் கூசியது. எந்தச் சொல்லை எடுத்தாலும் அதைத் தன் விரல் தினமும் அடித்து அடித்து, அர்த்தத்தைப் பிழிந்து, வெறும் எழுத்தாக்கிவிடும் என்று தோன்றியது. அப்படி ஆவதுகூடப் பொய், அடியில் அது அப்படியே கிடக்கும் என்றும் தோன்றியது.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“நீயே ஏதாவது வை.”

“சரி சார். வச்சுட்டு உங்களுக்கு…”

“எனக்குச் சொல்லாத.”

“சார்?”

“உனக்குத் தெரிஞ்சாப் போதும். இன்னும் நம்பிக்கையான ஆளு ஒருத்தர்கிட்ட சொல்லி வை. நான் வந்து கேட்டாலும் சொல்லாத. ஏதாவது மாத்தணும்னா உன்னைத்தான் கேப்பேன், நீ உக்காந்து அடி.”

அவள் தயங்கினாள். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மகள் எழுந்து விளக்கைப் போட்டாள். போட்டது மாப்பிள்ளைக்குச் சத்தமாக மட்டும் வந்தது.

கண்ணுக்கு மருந்து விடுகிற நேரமாகியிருந்தது. முதல் நாளிலிருந்து அது மாமனாரின் வேலை. மகளுக்கு ஊசியெல்லாம் பழக்கம்தான், ஆனாலும் புருஷன் கண் என்றால் அவளுக்குக் கை நடுங்கியது. சைக்கிள் வால்வில் சொட்டு எண்ணெய் விட்டுப் பழகிய கை மாமனாருடையது, நடுங்காது. மருந்து விடுகிற அந்த ஒரு நிமிஷம்தான் மாப்பிள்ளை மல்லாந்து படுக்கலாம். அந்த ஒரு நிமிஷம்தான் இரண்டு கண்ணிலும் கட்டு இருக்காது.

இன்றைக்கு மகள்தான் வருவாள் என்று நினைத்தார். முட்டி சொடுக்கும் சத்தம் கேட்டது. சோப்புப் போட்டுக் கழுவிய கை தோளைப் பிடித்துத் திருப்பியது. கட்டு, சுற்றுச் சுற்றாகக் கழன்றது. பஞ்சை எடுத்ததும் இமைமேல் காற்று பட்டது. வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது.

“கண்ணத் தொறங்க” என்றார் மாமனார்.

மாப்பிள்ளை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“அப்பத் தொறங்க. தொறந்தாத்தானே விட முடியும்.”

அவரால் முடியவில்லை. மாமனார் அவசரப்படுத்தவில்லை. மருந்துக் குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிச் சூடாக்கிக்கொண்டு காத்திருந்தார். சமையலறையில் மகள் தட்டு எடுத்து வைக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. அவளும் காத்திருக்கிறாள் போல.

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். நல்ல கண்ணில் மாமனாரின் முகம் தெரிந்தது, மிகப் பக்கத்தில், தாடியில் வெள்ளை முளைத்து. அந்த முகம் இவரைப் பார்க்கவில்லை. குப்பியின் நுனியில் திரண்டுகொண்டிருந்த சொட்டை மட்டும், ஒரு கண்ணைச் சுருக்கி, கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

சொட்டு விழுந்தது.

“ஆச்சு” என்றார் மாமனார். “இப்ப மூடிக்கலாம்.”